பச்சை பிபிஆர் குழாய்: கூடலூர் பக்கத்து வெந்நீர் லைனுக்கு வாங்கலாமா?

நீலகிரியின் கூடலூர், தேவாலா, பந்தலூர் குளிருக்கு வெந்நீர் லைன் இல்லாமல் வீடு கட்ட முடியாது. பசை போட்டு ஒட்டும் சிபிவிசி பிளாஸ்டிக் குழாயா, உருக்கி ஒட்டும் பச்சை பிபிஆரா (பாலிபுரொப்பிலீன் குழாய்) என்பதுதான் கடையில் எழும் முதல் கேள்வி. சுவருக்குள் ஓடும் வெந்நீர் லைனுக்கு பிபிஆர் அருமையான சரக்கு. மொட்டை மாடியில் வெயில் படும் இடத்துக்கு ஆகாது. பச்சையாக இருப்பதெல்லாம் பிபிஆரும் அல்ல.

கடைசி எழுத்தான 'ஆர்' (ரேண்டம், அதாவது சிதறலாக) தான் விஷயம். சாதாரண பாலிபுரொப்பிலீனின் சங்கிலி, மூன்று அலகுக்கு ஒரு சுற்று என்று திருகாணி மாதிரி சுருண்டு, ஒழுங்காக அடுக்காகிப் படிகமாகும். உருகுநிலை 160 முதல் 165 டிகிரி. விறைப்பு உண்டு, ஆனால் குளிரில் நொறுங்கும். பிபிஆரில் இந்தச் சங்கிலிக்குள் சில சதவீதம் எத்திலீனை கோமோனோமராக (கூடச் சேர்க்கும் இரண்டாவது அலகாக) அங்கங்கே சிதறவிடுகிறார்கள். எத்திலீன் வந்த இடத்தில் மெத்தில் என்ற பக்கக் கிளை இருக்காது. சுருளின் ஒழுங்கு அறுபடும். நீளமான ஒழுங்கு கிடைக்காததால் படிக அடுக்குகள் மெலிகின்றன, உருகுநிலை 140–150க்கு இறங்குகிறது, காமா என்ற வேறு அடுக்குமுறையும் கூடுகிறது. படிகமாகாமல் நின்ற சங்கிலிகள் ஓர் அடுக்கையும் அடுத்ததையும் பிணைக்கும். சூடான தண்ணீர் வருடக்கணக்கில் அழுத்தினாலும் விரிசல் மெதுவாகக்கூட நகராமல் தடுப்பது இந்தப் பிணைப்புதான்.

'பி' வகையில் (பிளாக், பிபி-பி) கதை வேறு. அங்கே எத்திலீன் சங்கிலிக்குள் சிதறாமல், ரப்பர் துகள்களாகத் தனியே நிற்கும். சுற்றியுள்ள படிகம் பெரும்பாலும் பழையபடியே இருக்கும். குளிரில் அடி தாங்கும், ஆனால் வெந்நீர் அழுத்தத்தை நீண்ட காலம் தாங்குவதில் 'ஆர்' வகைக்கு ஈடாகாது. இரண்டுக்கும் பச்சை நிறம் போட்டுவிட்டால் கண்ணால் பிரிக்க முடியாது. ஆகவே குழாயின் மேல் ஐஎஸ் 15801, வகை, அழுத்த வகுப்பு மூன்றும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

சுண்ணாம்புப் பவுடர் கலந்த சரக்கைக் கண்டுபிடிப்பது சுலபம். பிபிஆரின் அடர்த்தி 0.9, ஒரு துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் அப்படியே திருப்பிக் கொடுங்கள். பிஎன் 20 அழுத்த வகுப்பில் 20 மி.மீ. குழாயின் சுவர் 3.4 மி.மீ., 25க்கு 4.2 மி.மீ. கடைக்குப் போகும்போது வெர்னியர் (தடிமன் அளக்கும் கருவி) கையில் இருக்கட்டும். வெளிவிட்டத்தை வைத்துத்தான் அளவு சொல்கிறார்கள், 20 என்றால் உள்ளே 13.2 மி.மீ. தான். ஷவருக்கு மெயின் லைன் 25 எடுப்பதே புத்திசாலித்தனம்.

பெரும்பாலான புகார் குழாயால் வருவதில்லை, ஒட்டும் கையால் வருகிறது. குழாயையும் ஃபிட்டிங்கையும் உருக்கி ஒட்டும் மெஷின் 260 டிகிரியில் நிலைத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். மலைப்பக்கம் வோல்டேஜ் விழுந்தால் விளக்கு எரிந்தாலும் சூடு எட்டியிருக்காது. 20 மி.மீ.க்கு 5 விநாடி சூடு, 25க்கு 7, 32க்கு 8. எடுத்த 4 விநாடிக்குள் (32 என்றால் 6) நேராகச் செருக வேண்டும், திருகக் கூடாது. நேரம் கூடினால் உருகிய விளிம்பு உள்ளே மடிந்து துளையை அடைக்கும், ஷவரில் தண்ணீர் சொட்டும். குறைந்தால் முதல் நாள் டெஸ்டில் பாஸாகி, சூடும் குளிருமாக மாறி மாறி இழுபட்ட பிறகு கசியும். ஒட்டியதும் 2 நிமிடம் (32க்கு 4) கை வைக்காதீர்கள். எத்திலீன் கலந்த சங்கிலி படிகமாக நேரம் எடுக்கும். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் மூட்டுக்குள் இழுவிசை உறைந்து நிற்கும்.

டிசம்பர் விடியலில் வண்டியிலிருந்து குழாயை வீசி இறக்குவது இன்னொரு தப்பு. பூஜ்ஜியம் டிகிரியை நெருங்க நெருங்க இந்தச் சரக்கு விறைத்துவிடும்; முனையில் மயிரிழை விரிசல் விழும். சந்தேகமிருந்தால் முனையில் 5 செ.மீ. வெட்டி எறியுங்கள்.

மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.15 மி.மீ. நீளும். 10 மீட்டர் லைன் 15லிருந்து 60 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 7 செ.மீ. வெளியே ஓடும் லைனில் வளைவு விடாமல் இறுக்கிக் கட்டினால் குழாய் பாம்பாக நெளியும். சோலார் டேங்கிலிருந்து முதல் இரண்டு மீட்டர் செம்போ ஜிஐயோ (துத்தநாகம் பூசிய இரும்பு) போடுங்கள். வெற்றிடக் குழாய் சோலாரில் யாரும் தண்ணீர் எடுக்காத நாளில் சூடு 95ஐத் தாண்டும், பிபிஆருக்கு அது எல்லை. மாடியில் வெயில் படும் பகுதிக்கு உறை கட்டாயம். பச்சை நிறம் புற ஊதாக்கதிரைத் தடுக்காது.

பிபி-ஆர்சிடி என்ற மேம்பட்ட பிபிஆர் வகை கிடைத்தால், பணம் இடம் கொடுத்தால் எடுக்கலாம். கோமோனோமர் அதேதான், ஆனால் அணுக்கருவாக்கி (படிகம் முளைக்க வித்தாகும் பொருள்) சேர்த்து பீட்டா என்ற வேறு வகைப் படிகத்தை வளர்க்கிறார்கள். சூட்டில் வலிமை கூடுவதால் மெல்லிய சுவரே போதும், உள்துளை பெரிதாகும். பழுது பார்க்க மட்டும் சிபிவிசிதான் வசதி: பசை டப்பா இருந்தால் உள்ளூர் பிளம்பரே முடித்துவிடுவார். பிபிஆருக்கு மெஷினும் வேண்டும், கரண்டும் வேண்டும், லைனில் சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக் கூடாது.