வெஸ்நாத்: பகடையைத் திட்டும் முன் பார்க்க வேண்டிய கணக்குகள்

அறுகோணக் கட்டங்களில் படைகளை நகர்த்தி மோதவிடும் கணினிப் போர் ஆட்டமான வெஸ்நாத்தைப் புதிதாக ஆடுகிறவர்கள் எல்லோரும் முதல் வாரத்தில் புலம்புவது ஒன்றைத்தான்: "அறுபது சதவீத வாய்ப்பு இருந்தும் மூன்று அடியும் வீணாப் போச்சே!" மூன்றும் வீணாவதற்கான வாய்ப்பு 6.4 சதவீதம். அதாவது ஏறக்குறைய பதினாறு சண்டைக்கு ஒருமுறை நடக்கும். ஒரு சுற்றில் எட்டுத் தாக்குதல் நடத்தினால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை இதைப் பார்க்கத்தான் போகிறீர்கள். நீண்ட நாள் ஆடியவர்களுக்கும் பகடை இதே போலத்தான் உருள்கிறது. அது எந்தக் கட்டத்தில், எந்த வேளையில் உருள வேண்டும் என்பதை அவர்கள் முடிவு செய்கிறார்கள், அவ்வளவுதான்.

பேட்டில் ஃபார் வெஸ்நாத் 2003-ல் டேவிட் ஒயிட் தொடங்கிய ஆட்டம். ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வருவதால் காசு கொடுக்க வேண்டியதில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2018-ல் 1.14 பதிப்போடு ஸ்டீமுக்கும் வந்தது, 1.18 பதிப்பு 2024-ல் வெளியானது. யூனிட்டுகளின், அதாவது படைவீரர்களின், எண்கள் பதிப்புக்குப் பதிப்பு லேசாக மாறும். அதனால் கீழே வரும் எண்களை உங்கள் பதிப்பின் உதவிப் பக்கத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மட்டும் மாறாது.

முதலில் வேளை. ஆறு சுற்று சேர்ந்தால் ஒரு நாள்: விடியல், காலை, பிற்பகல், அந்தி, முன்னிரவு, பின்னிரவு. லாஃபுல் படைகளுக்குக் காலையும் பிற்பகலும் 25 சதவீதம் கூடுதல் அடி, இரவு இரண்டு சுற்றும் 25 சதவீதம் குறைவு. கேயாடிக் படைகளுக்கு இது தலைகீழ். நியூட்ரலுக்கு எந்த மாற்றமும் இல்லை. விடியலிலும் அந்தியிலும் லாஃபுலுக்கும் கேயாடிக்குக்கும் கூடுதலுமில்லை, குறைவுமில்லை.

25 சதவீதம் என்றால் காதுக்குச் சின்னதாகத்தான் படும். லாஃபுல் தரப்பு ஸ்பியர்மேனையும் (ஈட்டிக்காரன்) கேயாடிக் தரப்பு ஓர்க் கிரண்ட்டையும் (ஓர்க் இனக் காலாள்) எடுத்துக்கொள்வோம். ஸ்பியர்மேனுக்கு 36 உயிர்ப்புள்ளி. ஒவ்வொன்றும் 7 என மூன்று அடி. கிரண்ட்டுக்கு 38 உயிர்ப்புள்ளி, 9 வீதம் இரண்டு அடி. பின்னம் பக்கத்து முழு எண்ணுக்குப் போகும் என்பதால் பகலில் ஸ்பியர்மேனின் அடி 9 ஆகும், கிரண்ட்டின் அடி 7 ஆகும். இரவில் அது 5-க்கும் 11-க்குமாக மாறும். சமவெளியில் இருவரின் தற்காப்பும் 40 சதவீதம், அதாவது ஒவ்வோர் அடியும் விழ 60 சதவீத வாய்ப்பு. பகலில் மோதினால் ஸ்பியர்மேன் சராசரியாக 16.2 கொடுத்து 8.4 வாங்குவான். அதே இருவர் அதே கட்டங்களில் இரவில் மோதினால் 9 கொடுத்து 13.2 வாங்குவான். இரண்டு சுற்று பொறுக்காமல் முன்னேறியதற்கு ஆகும் செலவு இது.

ஆகவே லாஃபுல் படை வைத்திருப்பவர் பின்னிரவிலேயே நகரத் தொடங்க வேண்டும். விடியலில் எதிரியைத் தொட்டு, காலையில் முழு பலத்தோடு அடித்து, பிற்பகலில் முடிக்க வேண்டும். அந்தி வரும்போது முடியாமல் கிடந்தால் ஆசைப்படாமல் பின்வாங்குவதே நல்லது. பெரும்பாலான தோல்விகளுக்கு விதை பிற்பகலில் விழுகிறது. இரண்டு உயிர்ப்புள்ளி மிச்சமிருக்கும் எதிரித் தலைவனைத் துரத்திக்கொண்டு திறந்த வெளிக்குள் போவார்கள். அடுத்த இரண்டு சுற்றில் மொத்தப் படையும் இருட்டில் மாட்டும். குகைக்குள் எப்போதும் இரவுதான் என்பதையும் மறக்கக் கூடாது. அங்கே மேஜ் ஆஃப் லைட் (ஒளி பரப்பும் மந்திரவாதி) ஒருவர் பக்கத்தில் நின்றால் லாஃபுல் படைக்கு அந்த 25 சதவீத இழப்பு நீங்கிவிடும்.

அடுத்தது நிலம். உங்கள் யூனிட் நல்ல நிலத்தில் நிற்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். உங்களைத் தாக்க வரும் எதிரி எந்தக் கட்டத்தில் நிற்க வேண்டியிருக்கும் என்பதைத்தான் பலரும் பார்ப்பதில்லை. ஆழமற்ற தண்ணீரில் மனிதனுக்கும் ஓர்க்குக்கும் தற்காப்பு வெறும் 20 சதவீதம். ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் ஸ்பியர்மேனை நிறுத்துங்கள்; கிராமத்தில் அவன் தற்காப்பு 60. மேலே சொன்ன அதே இரவில் கிரண்ட் தண்ணீரில் இறங்கி நின்று தாக்கினால், ஸ்பியர்மேன் சராசரியாக 12 கொடுத்து 8.8 மட்டுமே வாங்குவான். நடு இரவிலும் கணக்கு நம் பக்கம் திரும்பிவிட்டது.

ஒரே இரவுச் சுற்றில் மூன்று கிரண்ட்டுகள் அவன்மேல் பாய்கின்றன என்று வைப்போம். ஆறு அடியில் நான்கு விழுந்தால் 44, அவன் சாவான். மூன்று விழுந்தால் 33, மூன்று புள்ளியோடு பிழைப்பான். ஒவ்வொரு யூனிட்டுக்கும் தற்செயலாக அமையும் பிறவிக் குணங்களை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், கிராமத்தில் அவன் சாகும் வாய்ப்பு சுமார் 18 சதவீதம். ஒரே ஒரு கட்டம் முன்னே, சமவெளியில் நின்றிருந்தால் 54 சதவீதம். "அதிர்ஷ்டமே இல்லை" என்று சொல்லப்படும் சாவுகளில் பல இந்த ஒரு கட்டத்தில்தான் நடக்கின்றன.

இதற்கு ஆட்டத்திலேயே உதவி இருக்கிறது. கன்ட்ரோலோடு வி அழுத்தினால் எதிரிகள் அடுத்த சுற்றில் எங்கெல்லாம் வர முடியும் என்று திரையில் காட்டும். கன்ட்ரோல்-பி அழுத்தினால், உங்கள் யூனிட்டுகள் வழியை மறிக்காவிட்டால் அவர்கள் எதுவரை வருவார்கள் என்று காட்டும். தாக்கும் முன் வரும் சன்னலில் சேதக் கணக்கு என்ற பொத்தான் இருக்கிறது. சாவு, பிழைப்பு, மிஞ்சும் உயிர்ப்புள்ளி என்று எல்லா வாய்ப்பும் சதவீதமாக அங்கே தெரியும். சுற்றை முடிக்கும் முன் கன்ட்ரோல்-வி தட்டும் பழக்கம் ஒன்று போதும், இழப்பு கண்கூடாகக் குறையும்.

கட்டுப்பாட்டு வளையம் இந்த ஆட்டத்தின் முதுகெலும்பு. லெவல் 1-உம் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு யூனிட்டுக்கும் தன்னைச் சுற்றியுள்ள ஆறு கட்டங்களும் அதன் வளையம். அதற்குள் கால் வைத்த எதிரி அந்தச் சுற்றில் அதற்குமேல் நகர முடியாது. கோப்ளின், வாக்கிங் கார்ப்ஸ் போன்ற லெவல் 0 யூனிட்டுகளுக்கு வளையம் கிடையாது. ஸ்கர்மிஷர் திறன் உள்ளவர்களை வளையம் கட்டுப்படுத்தாது. எனவே தோளோடு தோள் ஒட்டிச் சுவர் எழுப்ப வேண்டியதில்லை. ஒரே வரிசையில் இரண்டு யூனிட்டுக்கு நடுவே இரண்டு காலிக் கட்டம் வரை விடலாம், எதிரி ஒரே சுற்றில் ஊடுருவ முடியாது. மூன்று விட்டால் நடுக்கட்டம் யார் வளையத்திலும் இல்லை, அங்கே ஓட்டை.

பிடிப்பதற்கும் இதே கணக்குதான். எதிரியின் இருபுறமும் நேர் எதிரெதிராக இரண்டே பேரை நிறுத்துங்கள். மீதி நான்கு கட்டங்களும் இவர்களில் ஒருவர் வளையத்தில் விழும். எதிரி எந்தப் பக்கம் போனாலும் ஒரு கட்டம்தான். ஆடுபுலி ஆட்டத்தில் புலியைக் கட்டுவதற்கு எத்தனை ஆடு வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு, இரண்டு பேர் போதும் என்பதன் அருமை புரியும். தீஃப் (திருடன்) வைத்திருப்பவருக்கு இந்த அமைப்பில் இரட்டை லாபம்: எதிர்ப்பக்கத்தில் நம் ஆள் நின்றால் பேக்ஸ்டாப் என்ற முதுகில் குத்தும் திறன் வேலை செய்து அவன் அடி இரு மடங்காகும்.

தாக்கும் வரிசையிலும் பலர் சறுக்குகிறார்கள். எல்விஷ் ஷாமன் (எல்ஃப் இன மந்திரக்காரி) தன் இரண்டு அடியில் ஒன்றைப் போட்டாலும் எதிரியின் அடி பலமும் நகர்வும் பாதியாகும். சமவெளியில் நிற்கும் எதிரிமேல் அதற்கு 84 சதவீத வாய்ப்பு. எனவே ஷாமன் முதலில், வாள்காரர்கள் பிறகு. கிரண்ட்டுக்குத் தொலைவிலிருந்து தாக்கும் ஆயுதமே இல்லை. வில்லும் மந்திரமும் வைத்து அடித்தால் பதிலடி வராது. டார்க் அடெப்ட்டுக்கு (இருள் மந்திரவாதி) நேர்மாறாகக் கைகலப்பு ஆயுதம் இல்லை. ஹார்ஸ்மேன் (குதிரைவீரன்) பாய வேண்டிய இலக்கு அதுதான்: பகலில் அவன் ஈட்டி இரண்டும் விழுந்தால் 28 உயிர்ப்புள்ளி கொண்ட அடெப்ட் அங்கேயே முடியும். அதே ஹார்ஸ்மேனை ஸ்பியர்மேன்மேல் ஏவினால், முதல் அடி ஸ்பியர்மேனுடையது, ஹார்ஸ்மேன் பாயும்போது இருவர் அடியும் இரட்டிப்பதால் அதுவும் இரு மடங்கு. குதிரையும் போய்விடும், தங்கமும் போய்விடும். காட்டுக்குள் பதுங்கிய எல்ஃபை வெளியேற்ற மேஜ் வேண்டும். மந்திரத் தாக்குதலுக்கு நிலம் எதுவாக இருந்தாலும் 70 சதவீதம்தான். எலும்புக்கூட்டுப் படைக்கு வாளும் ஈட்டியும் அதிகம் பயன்படாது. நெருப்பும் கதாயுதமும் நல்ல மருந்து.

குணப்படுத்தலில் சில விதிகள். கிராமம் ஒரு சுற்றுக்கு 8 புள்ளி தரும். நகராமலும் சண்டையிடாமலும் இருந்தால் ஓய்வுக்கு மேலும் 2. விஷம் சுற்றுக்கு 8 உறிஞ்சும். ஆனால் 1 புள்ளிக்குக் கீழே இறக்காது, தானாகக் கொல்லாது. விஷமேறியவர் கிராமத்துக்கு வந்த முதல் சுற்றில் விஷம் மட்டும்தான் இறங்கும், அந்த 8 அடுத்த சுற்றில்தான். 4 புள்ளி குணப்படுத்தும் மருத்துவர் விஷத்தை அந்தச் சுற்றுக்கு நிறுத்தி வைப்பாரே தவிர நீக்கமாட்டார். கிராமமும் மருத்துவரும் சேர்ந்தால் கூட்டல் கிடையாது, எது பெரியதோ அதுதான்.

தங்கக் கணக்கு பலருக்குக் கேம்பெய்ன் (ஒரே கதையில் அடுத்தடுத்து வரும் சினாரியோக்கள், அதாவது யுத்தங்கள்) நடுவில்தான் உறைக்கும். ஒவ்வொரு யூனிட்டும் தன் லெவல் அளவுக்குச் சுற்றுதோறும் தங்கம் தின்னும். ஒவ்வொரு கிராமமும் ஒரு லெவலின் தீனியை ஏற்கும். அடிப்படை வருமானம் 2. ஆறு கிராமமும் பத்து லெவல் 1 யூனிட்டும் இருந்து, கிராமத்துக்கு ஒரு தங்கம் வரும் சினாரியோவாக இருந்தால்: 2-உம் 6-உம் எட்டு, ஈடாகாத தீனி 4, கையில் நிற்பது 4. லாயல் என்று குறித்த யூனிட்டுகளுக்குத் தீனிச் செலவு இல்லை. முந்தைய சினாரியோவில் பிழைத்த பழைய வீரரைத் திரும்ப அழைக்க, அவர் எந்த லெவலாக இருந்தாலும் பொதுவாக 20 தங்கம். லெவல் 3 வீரர் 20-க்குக் கிடைப்பது மலிவுதான். ஆனால் அவர் சுற்றுக்கு மூன்று தின்பார். நான்கு பெரியவர்களை அழைத்துவிட்டுத் தடுப்பு வரிசைக்கு ஆளில்லாமல் தவிப்பதைவிட, இரண்டு பெரியவர், ஒரு மருத்துவர், மிச்சத்துக்கு 14 தங்க ஸ்பியர்மேன்கள் என்ற கலவை தாங்கும். சினாரியோ முடிவில் மிச்சத் தங்கத்தில் வழக்கமாக 40 சதவீதமே அடுத்ததற்குப் போகும். சீக்கிரம் முடித்தால் மிச்சச் சுற்றுகளுக்கு ஊக்கத்தொகையும் உண்டு. கிராமத்தில் உட்கார்ந்து தங்கம் சேர்ப்பதால் பயனில்லை.

அனுபவப் புள்ளியைப் பொறுத்தவரை, சண்டையிட்டால் எதிரியின் லெவல் அளவு, கொன்றால் லெவலின் எட்டு மடங்கு, லெவல் 0-ஐக் கொன்றால் 4. 40 புள்ளி வேண்டிய ஒருவர் லெவல் 1 எதிரிகள் ஐந்து பேரை முடித்தால் ஏறிவிடுவார். இன்டெலிஜென்ட் குணம் இருந்தால் 32 போதும், நான்கே பேர். ஆகவே கடைசி அடியை யாருக்குக் கொடுப்பது என்று முன்பே முடிவு செய்ய வேண்டும். லெவல் ஏறும்போது உயிர்ப்புள்ளி முழுதாக நிரம்பும், விஷமும் போகும். அடிபட்டுக் கிடக்கும் மேஜுக்கு ஒரு கொலை பாக்கி என்றால், அவரைப் பின்னால் அனுப்புவதைவிட அந்தக் கொலையைக் கொடுப்பதே சிறந்த மருத்துவம்.

குறையும் உண்டு. கம்ப்யூட்டர் எதிரி துணிந்து பாயும் சுபாவம் கொண்டது. ஆற்றங்கரைக் கிராமத்தில் ஓர் ஆளை இரையாக வைத்தால் தண்ணீரில் இறங்கி வந்து அடிவாங்கும். இதில் பழகியவர்கள் மல்டிபிளேயரில் முதல் ஆட்டங்களில் திணறுவார்கள், ஏனென்றால் எதிரே இருக்கும் மனிதர் அந்தி வந்ததும் பின்வாங்கிவிடுவார். தொடங்குகிறவர்களுக்கு நான்கே சினாரியோ உள்ள எ டேல் ஆஃப் டூ பிரதர்ஸ், அடுத்து தி சவுத் கார்டு ஏற்றவை. ஹெயர் டு தி த்ரோன் நீளமானது, அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஒவ்வோர் இழப்புக்கும் பழைய சேமிப்பைத் திறந்து ஆடுவது வேண்டாம். இழப்பைத் தாங்கிப் பின்வாங்கும் பழக்கம் வராமல் போய்விடும். ஆட்டம் முடிந்ததும் ரீப்ளே சேமிக்க முடியும்; அதில் தோற்ற யுத்தத்தின் பிற்பகல் சுற்றுகளை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள், எந்த ஆள் எந்தக் கட்டத்தில் ஒரு அடி கூடுதலாக முன்னே போனான் என்பது தெரிந்துவிடும்.