வீவக வீட்டு இணையவாசல்: நிரந்தரவாசித் தம்பதியருக்கு எந்த அளவு கைகொடுக்கிறது?

சிங்கப்பூரில் வேலை பார்த்து, நிரந்தரவாசம் பெற்று, இனி இங்கேதான் என்று முடிவெடுத்த தம்பதியர் பெரும்பாலும் போய் நிற்கும் இடம் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீட்டு இணையவாசல். தகுதி பார்ப்பது, வீடு தேடுவது, மறுவிற்பனை விண்ணப்பம் என எல்லாம் அந்த ஒரே தளத்தில் நடக்கின்றன. கணவன் மனைவி இருவருமே நிரந்தரவாசிகள், இருவரும் மலேசியர் அல்லர் என்ற நிலையில் இந்தச் சேவை எப்படி இருக்கிறது என்பதுதான் இந்த மதிப்பீடு. இருவரில் ஒருவர் குடியுரிமை பெற்றிருந்தால் கணக்கே வேறு. அது பின்னால் வருகிறது.

தளத்தைப் பற்றிய எங்கள் கருத்து இது: வீவக வீடு வாங்க உங்களுக்கு அனுமதி உண்டா என்பதை அது மிக நன்றாகச் சொல்கிறது. எந்த புளோக்கில் வாங்க முடியும், கையில் எவ்வளவு ரொக்கம் வேண்டும் என்ற இரண்டையும் நீங்களேதான் போட்டுப் பார்க்க வேண்டும். நிரந்தரவாசிகள் இடறுவது இந்த இரண்டில்தான்.

நிரந்தரவாசித் தம்பதியர் வீவகவிடமிருந்து நேரடியாகப் புது வீடு வாங்க முடியாது. மறுவிற்பனை வீடு மட்டும்தான். அதற்கும் இருவரும் நிரந்தரவாசம் பெற்று 3 ஆண்டு முடிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு 4 ஆண்டு, இன்னொருவருக்கு 2 ஆண்டு என்றால் பின்னவருக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

2023 மே மாதம் முதல் தகுதிக் கடிதம் இல்லாமல் எந்த விற்பனையாளரிடமும் ஆப்ஷன், அதாவது பேசிய விலைக்கு வீட்டை வாங்கும் உரிமைப் பத்திரம், எழுதி வாங்க முடியாது. எல்லோரும் எச்எஃப்இ என்று சொல்வது இந்தத் தகுதிக் கடிதத்தைத்தான். விண்ணப்பம் இரண்டு படி. முதல் படியில் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னிலக்க அடையாளம் வழியாக உள்ளே போய் விவரங்களைத் தந்தால் முதற்கட்டப் பதில் உடனே வந்துவிடும். அதிலிருந்து 30 நாளுக்குள் இரண்டாம் படியான முழு விண்ணப்பத்தைப் போட வேண்டும். ஒருவர் அனுப்பியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். துணைவரும் தம் சிங்பாஸில் நுழைந்து ஒப்புதல் தர வேண்டும். அதுவரை விண்ணப்பம் அப்படியே கிடக்கும். கடிதம் வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். புது வீட்டு விற்பனை அறிவிப்பு வரும் காலங்களில் கூட்டம் அதிகம், இன்னும் தாமதமாகலாம். வீடு பார்க்கத் தொடங்கும் முன்பே போட்டுவிடுவது நல்லது.

கடிதம் மூன்று விஷயங்களைச் சொல்லும்: வாங்கத் தகுதி உண்டா, மானியம் எவ்வளவு, வீவக கடன் எவ்வளவு. இருவரும் நிரந்தரவாசிகளாக இருந்தால் மானியம் இல்லை, வீவக கடனும் இல்லை. ஆகவே வங்கிக் கடன்தான். இதே தளத்தில் பங்குபெறும் வங்கிகளிடம் கடனுக்கான முதற்கட்ட ஒப்புதலையும் சேர்த்தே கேட்கலாம் என்பது நல்ல வசதி. ஒரே ஆவணங்களை நாலு வங்கிக்கு நாலு முறை அனுப்பும் வேலை மிச்சம்.

ஊரில் வீடு இருப்பவர்கள் இந்தக் கட்டத்திலேயே நின்று யோசிக்க வேண்டும். நிரந்தரவாசிகள் வீவக வீட்டை வாங்கினால், வெளிநாட்டில் தங்கள் பெயரில் உள்ள குடியிருப்புச் சொத்தை 6 மாதத்துக்குள் கைமாற்றிவிட வேண்டும். கோயம்புத்தூரிலோ மதுரையிலோ வாங்கிப் போட்ட ஃபிளாட்டும் இதில் அடங்கும். விண்ணப்பத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அண்ணன் தம்பியோடு கூட்டாக இருக்கும் வீட்டில் பங்கு இருந்தாலும் அதையும் எழுதுங்கள். தமிழ்நாட்டுச் சொத்தை இங்கிருந்தபடி 6 மாதத்தில் விற்பது எளிதன்று. உங்கள் சார்பில் ஊரில் ஒருவர் விற்க, இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பொது அதிகாரப் பத்திரம் வேண்டும். அது இந்தியா போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் அங்கே முத்திரைக் கட்டணம் செலுத்தியாக வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் வாங்குபவர் வரி பிடித்தம் செய்ய வேண்டும். பிடித்தத்தைக் குறைக்க வருமான வரித் துறையிடம் சான்றிதழ் வாங்குவது தனி வேலை. இதையெல்லாம் சிங்கப்பூர் வீட்டுச் சாவி கைக்கு வந்த பிறகு தொடங்கினால் கெடு தவறும்.

இனி ஒதுக்கீடு. வீவக வீடுகளில் இரண்டு வரம்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக வேலை செய்கின்றன. 1989 முதல் உள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி, இந்தியர் மற்றும் பிறர் பிரிவினர் ஒரு குடியிருப்பு வட்டாரத்தில் 12 விழுக்காடு, ஒரு புளோக்கில் 15 விழுக்காடு வரைதான் இருக்கலாம். 2010 முதல் உள்ள நிரந்தரவாசி ஒதுக்கீட்டின்படி, மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகள் வட்டாரத்தில் 5 விழுக்காடு, புளோக்கில் 8 விழுக்காடு. இந்தியர் ஒதுக்கீடு நிரம்பிய புளோக்கில் நீங்கள் இந்தியர் அல்லது பிறர் பிரிவு விற்பனையாளரிடம் மட்டுமே வாங்கலாம். நிரந்தரவாசி ஒதுக்கீடு நிரம்பியிருந்தால் மலேசியர் அல்லாத நிரந்தரவாசி விற்பனையாளரிடம் மட்டுமே. இரண்டும் நிரம்பிய புளோக்கில் உங்களுக்குப் பொருந்தும் விற்பனையாளர் கிடைப்பது அரிது.

இதைப் பார்க்கத் தனிக் கருவி உண்டு. புளோக் எண், தெரு, உங்கள் இனம், குடியுரிமை நிலை ஆகியவற்றைக் கொடுத்தால் பதில் வரும். வேகமானது, நம்பகமானது. ஆனால் ஒவ்வொரு புளோக்காகத்தான் பார்க்க வேண்டும். 'எனக்குத் திறந்திருக்கும் புளோக்குகள் எல்லாவற்றையும் காட்டு' என்று கேட்க வழியில்லை. எண்கள் ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி புதுப்பிக்கப்படும். இம்மாதம் 25ஆம் தேதி பார்த்துவிட்டு அடுத்த மாதம் 5ஆம் தேதி ஆப்ஷன் எழுதினால் பழைய பதில் செல்லாது. வீட்டைப் போய்ப் பார்க்கும் முன் ஒருமுறை, ஆப்ஷன் எழுதும் அன்று ஒருமுறை, மறுவிற்பனை விண்ணப்பம் போடும் முன் ஒருமுறை என மூன்று தடவை பார்ப்பதுதான் பாதுகாப்பு.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். சீனர் ஒதுக்கீடு நிரம்பிய புளோக்கில் இந்தியர் ஒருவர் விற்கிறார் என்றால், அவரால் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருவோர் குறைவு, விலை இறங்கும். உங்களுக்கு அது மலிவாகத் தெரியும். நாளை நீங்கள் விற்கும்போதும் ஒதுக்கீடு அப்படியே நிரம்பியிருந்தால் அதே இக்கட்டு உங்களுக்கும் வரும். விலை குறைவாக இருக்கிறதே என்று மகிழும் முன், அந்த புளோக்கில் சீன வாங்குபவருக்கு என்ன பதில் வருகிறது என்று அதே கருவியில் போட்டுப் பாருங்கள்.

பணக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். நாலறை வீடு, விலை 600,000 வெள்ளி, வீவக மதிப்பீடு 580,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வங்கிக் கடன் மதிப்பீட்டில் அதிகபட்சம் 75 விழுக்காடு, அதாவது 435,000. தவணைக்காலம் 25 ஆண்டைத் தாண்டினாலோ, கடன் 65 வயதைத் தாண்டிப் போனாலோ இது 55 விழுக்காடாகச் சரியும். நாற்பதைத் தாண்டியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மீதித் தொகையில், மதிப்பீட்டின் 5 விழுக்காடு, 29,000 வெள்ளி, கட்டாயம் ரொக்கம். 20 விழுக்காடு, 116,000 வெள்ளி, சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் சேரும் மத்திய சேம நிதியிலிருந்தோ (மசேநி) ரொக்கமாகவோ. விலைக்கும் மதிப்பீட்டுக்கும் இடையிலான 20,000 வெள்ளி முழுக்க ரொக்கம். இதற்குக் கடனும் கிடையாது, மசேநி பணமும் ஆகாது.

முத்திரை வரி இதற்கு மேல். அடிப்படை முத்திரை வரி முதல் 180,000க்கு 1 விழுக்காடு, அடுத்த 180,000க்கு 2, அதற்கு மேல் 10 லட்சம் வெள்ளி வரை 3. நம் வீட்டுக்கு 12,600 வெள்ளி. நிரந்தரவாசிகளுக்கு முதல் வீட்டுக்கே கூடுதல் முத்திரை வரி 5 விழுக்காடு, 30,000 வெள்ளி. மொத்தம் 42,600. ஆப்ஷனை நிறைவேற்றிய, அதாவது வாங்குவதாக உறுதிசெய்து கையெழுத்திட்ட, 14 நாளுக்குள் கட்ட வேண்டும். மசேநியில் வீட்டுக்குப் பயன்படும் சாதாரணக் கணக்கில் பணம் இருந்தால் இதற்கும் பயன்படுத்தலாம். எப்போது எடுக்க முடியும் என்பதை வழக்கறிஞரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

மசேநியில் எவ்வளவு இருக்கும்? பலருடைய திட்டம் கவிழ்வது இங்கேதான். நிரந்தரவாசத்தின் முதல் ஆண்டில் சந்தா ஊழியரிடமிருந்து 5 விழுக்காடு, முதலாளியிடமிருந்து 4 மட்டுமே. இரண்டாம் ஆண்டில் 15, 9. மூன்றாம் ஆண்டில்தான் முழுமையாக 20, 17. மாதம் 5,000 வெள்ளி வாங்கும் 35 வயதுக்குட்பட்டவருக்கு, 3 ஆண்டு முடிவில் சாதாரணக் கணக்கில் சேருவது வட்டி நீங்கலாக ஏறத்தாழ 26,000 வெள்ளி. இருவருக்கும் சேர்த்து 52,000. தேவை 116,000. மீதி 64,000 ரொக்கமாகப் போக வேண்டும். கட்டாய ரொக்கம், மதிப்பீட்டுக்கு மேலான தொகை, முத்திரை வரி எல்லாம் சேர்ந்தால் 155,600 வெள்ளி. வழக்கறிஞர் கட்டணமும் புதுப்பிப்புச் செலவும் தனி. நிரந்தரவாசம் கிடைத்ததுமே முதலாளியோடு பேசி முழு விகிதச் சந்தாவுக்கு மாற விண்ணப்பிக்கலாம். முதலாளி ஒத்துக்கொண்டால் இந்தப் பள்ளம் கணிசமாகக் குறையும். கையில் வரும் சம்பளம் சுருங்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதத் தவணை கூட்டு வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. வங்கி இதை 4 விழுக்காடு வட்டியாகவாவது வைத்துத்தான் கணக்கிடும். 435,000 வெள்ளியை 25 ஆண்டில் அடைக்க அந்த வட்டியில் மாதம் சுமார் 2,300 வெள்ளி. அப்படியென்றால் கூட்டு வருமானம் 7,700 வெள்ளியாவது வேண்டும். போனஸ், கமிஷன் போன்ற நிலையற்ற வருமானத்தில் 30 விழுக்காட்டைக் கழித்துவிட்டுத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

குடியுரிமைக்கு எப்படியும் விண்ணப்பிக்கப் போகிறோம் என்று நினைக்கும் தம்பதியருக்கு ஒரு வார்த்தை. ஒருவர் குடியுரிமை பெற்ற பிறகு இருவர் பெயரிலும் முதல் வீடு வாங்கினால், அந்த 5 விழுக்காட்டு வரியிலிருந்து விலக்கு கிடைக்கும். நிரந்தரவாசி ஒதுக்கீடும் குறுக்கே வராது. 30,000 வெள்ளி சிறு தொகையன்று. அவசரமில்லாதவர்கள் காத்திருப்பதே மேல் என்பது எங்கள் எண்ணம். இந்தியக் கடப்பிதழை விட்டுக்கொடுப்பது, மகன்களின் தேசிய சேவை ஆகியவை குடும்பத்துக்குள் பேசி முடிக்க வேண்டியவை.

வீட்டைத் தேட, 2024 மே முதல் இதே தளத்தில் மறுவிற்பனை வீட்டுப் பட்டியல் இருக்கிறது. விற்பவர் முறைப்படி பதிவு செய்திருந்தால்தான் பட்டியலிட முடியும் என்பதால், இல்லாத வீட்டைக் காட்டி ஆள் பிடிக்கும் தொல்லை இல்லை. முகவர் வேண்டாம் என்பவர்கள் இதை வைத்தே முடிக்கலாம். வாங்குபவர் தரப்பு முகவர் கட்டணம் வழக்கமாக 1 விழுக்காடு, மேலே பொருள் சேவை வரி. குத்தகைக் காலத்தை மறக்காமல் பாருங்கள். மசேநி பணத்தை முழு அளவில் பயன்படுத்த, மீதிக் குத்தகை உங்களில் இளையவருக்கு 95 வயதாகும் வரை நீள வேண்டும். இளையவருக்கு 32 என்றால் 63 ஆண்டு தேவை. 1985இல் 99 ஆண்டுக் குத்தகை தொடங்கிய வீட்டில் 2025இல் இருப்பது 59தான்.

தளத்தில் எங்களுக்கு மனக்குறை உள்ள இடம் ஆப்ஷன் கால நெருக்கடி. ஆப்ஷன் கட்டணம் 1 வெள்ளி முதல் 1,000 வெள்ளி வரை. அது செல்லுபடியாவது 21 நாள். வார இறுதி, பொது விடுமுறை எல்லாம் சேர்த்து. கடைசி நாள் மாலை 4 மணியோடு முடியும். ஆப்ஷன் எழுதிய மறு வேலை நாளுக்குள் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 120 வெள்ளி. மதிப்பீட்டாளர் வீட்டைப் பார்க்க வர வேண்டியிருந்தால் முடிவுக்கு 10 வேலை நாள் வரை ஆகலாம். அதிலேயே 2 வாரம் போய்விடும். ஆப்ஷனை நிறைவேற்றும் முன் வங்கியின் கடன் வழங்கல் கடிதம் கையில் இருக்க வேண்டும். வங்கிக்கு மிஞ்சுவது ஒரு வாரம்தான். சீனப் புத்தாண்டையொட்டி ஆப்ஷன் எழுதினால் அதுவும் இருக்காது. மதிப்பீட்டு முடிவு வரும் முன்பே எல்லா ஆவணங்களையும் வங்கியிடம் கொடுத்து வைத்தால், தொகையை மட்டும் நிரப்பிக் கடிதம் தருவது அவர்களுக்கு எளிது. காலம் தவறினால் ஆப்ஷன் பணம் போகும். நிறைவேற்றும்போது கட்டும் வைப்புத்தொகை ஆப்ஷன் கட்டணத்தையும் சேர்த்து 5,000 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது. யாராவது கூடக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

அதன்பின் இருதரப்பும் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஒருவர் போட்ட 7 நாளுக்குள் மற்றவரும் போட்டாக வேண்டும். மூவறையும் அதற்கு மேலும் என்றால் கட்டணம் 80 வெள்ளி. வீவக ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து ஏறக்குறைய 8 வாரத்தில் சாவி. வங்கிக் கடன் என்பதால் வீவக வழக்கறிஞர் உங்களுக்காகச் செயல்பட மாட்டார். வங்கியின் பட்டியலில் உள்ள தனியார் வழக்கறிஞர் வேண்டும்.

சாவி வாங்கும் முன் வீட்டைத் துல்லியமாகப் பாருங்கள். குளியலறைக் கூரையில் மஞ்சள் கறை இருந்தால் மேல்வீட்டுக் கசிவு. கான்கிரீட் உப்பிக் கம்பி துருப்பிடித்துத் தெரிகிறதா என்றும் பாருங்கள். அனுமதியின்றி இடித்த சுவர் இருந்தால் விற்பவரே சரிசெய்து தர வேண்டும். கைமாறிய பிறகு அந்தப் பொறுப்பு உங்கள் தலையில். விற்பவர் சிறிது காலம் தங்கிக்கொள்ளக் கேட்டால் வீவக வழியாக முறைப்படி 3 மாதம் வரைதான். குடியேறிய பின் குறைந்தது 5 ஆண்டு அங்கேயே வசிக்க வேண்டும். நிரந்தரவாசிகள் அந்த 5 ஆண்டு முடிந்த பிறகும் முழு வீட்டை வாடகைக்கு விட முடியாது. அனுமதி பெற்று அறைகளை மட்டும் விடலாம். வேலை நிமித்தம் சில ஆண்டு வேறு நாட்டுக்குப் போக வாய்ப்புள்ளவர்கள், வாடகையில் தவணையைக் கட்டிவிடலாம் என்ற கணக்கில் இந்த வீட்டை வாங்க வேண்டாம்.