எட்டு மாசம் பிள்ளையோட போய்வந்த தாயாக எழுதுறன்

என்ர மகனுக்கு இப்ப மூண்டு வயசும் ரெண்டு மாசமும். பிள்ளையளுக்குப் பேச்சுப் பயிற்சியும் தொழில்வழிச் சிகிச்சையும் குடுக்கிற இந்த நிலையத்துக்கு முதன்முதல் கூட்டிக்கொண்டு போகேக்க ரெண்டரை. அப்ப அவன் பத்திலயிருந்து ஒண்டு வரைக்கும் இங்கிலீசில தலைகீழா எண்ணுவான். கனடா மாமா அனுப்பின டெப் திரையில பாத்துப் பழகினது. ஆனா விடாய்ச்சால் "தண்ணி" எண்டு கேக்கத் தெரியாது. என்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போய்க் குடத்துக்கு முன்னால நிண்டு அழுவான். பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பான்.

"ஆம்பிளைப் பிள்ளையள் பிந்தித்தான் கதைக்கும், இவன்ர அப்பாவும் அப்பிடித்தான்" எண்டு மாமி சொன்னா. ஆறு மாசம் நானும் அதை நம்பிக்கொண்டு இருந்திட்டன். நினைக்க இப்பவும் நெஞ்சு நோகுது. பிள்ளை பிறந்த கையோட தாற சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில தடுப்பூசியையும் நிறைக் கோட்டையும்தான் நான் பாத்தனான். எந்த வயசில என்ன செய்யோணும் எண்ட பக்கமும் அதுக்குள்ளதான் கிடக்கு. ரெண்டு வயசுப் பிள்ளை "அம்மா வா" எண்டு ரெண்டு சொல்லைச் சேத்துச் சொல்லத் தொடங்கியிருக்கோணும். இதை வாசிக்கிற தாய்மார் அந்தப் பக்கத்தை இண்டைக்கே திறந்து பாருங்கோ.

இஞ்ச வர முதல் வேற ஒரு இடத்துக்குப் போனனாங்கள். என்னை வெளியில இருத்திப்போட்டுக் கதவைச் சாத்திச்சினம். உள்ளுக்க அவன் குழறுற சத்தம்தான் எனக்குக் கேட்டது. மூண்டாம் தரத்தோட நிப்பாட்டிப்போட்டன்.

இஞ்ச ஸ்பீச் தெரபி மிஸ் முதல் நாள் கேட்ட முதல் கேள்வி, காது சோதிச்சனீங்களோ எண்டுதான். இல்லையெண்ட உடன கடிதம் எழுதித் தந்து, அதை முடிச்சுக்கொண்டு வாங்கோ எண்டு அனுப்பினா. அண்டைக்குக் காசும் வாங்கேல்லை. பிள்ளைக்குக் காது சரியாக் கேக்குதோ எண்டு தெரியாமல் பேச்சுப் பயிற்சி துவங்கேலாதுதானே. சோதிச்சதில காது நல்லாக் கேக்குது எண்டு வந்தது.

அடுத்த தரம் என்னையும் உள்ளுக்க, பாயில, அவனுக்குப் பக்கத்தில இருத்தினா. சவர்க்காரக் குமிழி போத்திலைத் திறந்து ஒருக்கா ஊதினா. அவன் துள்ளினான். பேந்து மூடியை இறுக்கிப்போட்டு அவன்ர கண்ணுக்கு நேர பிடிச்சுக்கொண்டு பேசாமல் இருந்தா. எனக்கு வாய் துடிச்சுது, "சொல்லு அப்பன், ஊது எண்டு சொல்லு" எண்டு. மிஸ் என்னைப் பாத்து விரலைக் காட்டினா. ஒண்டு, ரெண்டு, மூண்டு... எட்டு எண்ணேக்க அவன் மிஸ்ஸின்ர முகத்தை நிமிந்து பாத்து "ஊ" எண்டான். உடனயே ஊதினா. "பிள்ளைக்கு இடம் விடுங்கோ அம்மா. நீங்கள் முந்திக் கதைச்சால் அவர் ஏன் கதைக்கப் போறார்" எண்டு சொன்னா. அண்டையிலயிருந்து வீட்டில தண்ணிக் கோப்பையைக் கையில வச்சுக்கொண்டு காத்திருக்கப் பழகினன். அஞ்சாம் கிழமை "தண்ணி" வந்தது. "தண்" எண்டுதான் வந்தது, எனக்கு அது போதும்.

வீட்டில இங்கிலீசில கதைக்கோணுமோ எண்டும் கேட்டன். உங்கட வாயில வாற தமிழிலயே கதையுங்கோ, ரெண்டு மொழி கேட்டு வளந்தால் பேச்சுத் தடைப்படும் எண்டது பிழை எண்டா. டெப் மட்டும் குறையோணுமாம். ரெண்டிலயிருந்து நாலு வயசுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1 மணித்தியாலத்துக்கு மேல திரை வேண்டாம் எண்டு உலக சுகாதார நிறுவனமும் 2019இல சொல்லியிருக்கு.

இஞ்ச அவனுக்கு ஓ.டி.யும் (ஒக்குபேஷனல் தெரபி) நடக்குது. அதுக்குத் தமிழில தொழில்வழிச் சிகிச்சை எண்டு பேர். "இந்த வயசில என்ன தொழில்?" எண்டு அம்மம்மா கேட்டா. சாப்பிடுறது, உடுக்கிறது, விளையாடுறது, இதுகள்தான் பிள்ளையின்ர தொழில். இவனுக்குப் புட்டுக் கண்ணிலயும் காட்டேலாது. குறுணி கையில பட்டாலே உதறுவான், பிஸ்கட்டும் பால்மாவும்தான் சாப்பாடு. தெரபிஸ்ட் தீத்தச் சொல்லேல்லை. முதல் கிழமை புட்டுக் கோப்பை மேசையில சும்மா இருக்கட்டும் எண்டார். பேந்து கரண்டியால கிண்ட விட்டார், பேந்து விரல், பேந்து உதடு. இடையில பயறுத் தட்டுக்க கையை விட்டுக் காரைத் தேடுற விளையாட்டும், உடுப்புக் கிளிப் கொழுவுற விளையாட்டும். மூண்டு மாசம் எடுத்தது. இப்ப சம்பலில்லாத புட்டு ஒரு பிடி சாப்பிடுறான். நல்லூர்த் திருவிழாவில மேளச் சத்தத்துக்கு ரெண்டு காதையும் பொத்தினவனைத் திட்டாமல் தூர வீதியில நிண்டு கும்பிட்டிட்டு வந்ததும் இவர் சொல்லித்தந்த புத்திதான்.

குறையும் இருக்கு. மேல்மாடி, படி செங்குத்து. நடக்கேலாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறுற தாய்மாரைப் பாக்க மனம் கேக்குதில்லை. கீழ ஒரு அறை கட்டாயம் எடுக்கோணும். அறிக்கையை இங்கிலீசில மட்டும் தருகினம், எங்களுக்கு விளங்குற தமிழிலயும் வேணும். சனிக்கிழமை இடம் கிடைக்கிறது கஷ்டம். 45 நிமிசத்துக்கு 2500 ரூபாய், கிழமைக்கு ரெண்டு தரம் எண்டால் எங்களுக்குப் பாரம். அதால ஒரு தரம்தான் போறம், மிச்சத்தை வீட்டில நான் செய்யிறன். அப்பிடிச் செய்யலாம் எண்டு சொன்னதும் அவைதான். எங்க போனாலும் இலங்கை மருத்துவச் சபையில பதிஞ்ச ஆக்களோ எண்டு முதல் கேளுங்கோ. இஞ்ச கேட்டவுடன காட்டிச்சினம்.

அடுத்த தவணை செவ்வாய்க்கிழமை. இந்தக் கிழமை வீட்டுப் பயிற்சி சேட்டுப் பொத்தான். மேல் ரெண்டையும் நான் பூட்டிவிட்டு, கடைசியை அவனிட்ட விடோணும்.