பத்துக் கணக்கா, நான்கு கணக்கா, ஒன்றுமே வேண்டாமா?

காலை ஒன்பது மணிக்குப் பள்ளிப் படிக்கட்டில் ஒரு வீட்டுப்பாட நோட்டு நாலு கை மாறுவதைப் பார்க்காத கணக்கு ஆசிரியர் இருக்க முடியாது. மடியில் பையை மேசையாக்கிக்கொண்டு, பிரேயர் மணி அடிப்பதற்குள் பத்துக் கணக்கையும் முடித்துவிடுவார்கள். ஒருமுறை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் 'படத்தில் காண்க' என்று விடை எழுதியிருந்தான். நோட்டில் படமே இல்லை. படம் கைடில் இருந்திருக்கிறது. முதலில் எழுதியவன் அதை வரையச் சோம்பிவிட்டான். அவனைப் பார்த்து எழுதிய மூவரும் வாக்கியத்தை மட்டும் நம்பியிருக்கிறார்கள். நான்கு நோட்டிலும் என் சிவப்பு டிக் இருந்தது. வெட்கப்பட வேண்டியது யார் என்று எனக்கு அன்று சந்தேகம் வரவில்லை.

ஆறு முதல் எட்டு வரை கணக்குக்கு வீட்டுப்பாடம் தருவதில் மூன்று வழிகளைப் பார்த்திருக்கிறேன். பயிற்சி முழுவதையும் எழுதிவரச் சொல்வது ஒன்று. பொறுக்கியெடுத்த நாலைந்து கணக்கு மட்டும் தருவது இன்னொன்று. வீட்டுக்கு எதுவும் கொடுக்காமல் வகுப்பிலேயே முடிப்பது மூன்றாவது. மூன்றையும் நானே செய்து பார்த்தவன் என்பதால் எதன் மேலும் எனக்குத் தனிப்பாசம் இல்லை.

முதலில் நேரத்தைப் பார்த்துவிடலாம். மத்தியக் கல்வி அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. கணக்குக்கு மட்டும் அல்ல, எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து. ஐந்து பாடத்துக்குப் பங்கு போட்டால் கணக்குக்கு 12 நிமிடம். வீட்டுப்பாட ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ஹாரிஸ் கூப்பர் ஆதரித்த 'வகுப்புக்குப் பத்து நிமிடம்' என்ற அளவும் ஏறத்தாழ இங்கேதான் வந்து நிற்கிறது: ஏழாம் வகுப்புக்கு எல்லாப் பாடமும் சேர்த்து 70 நிமிடம். நம் புத்தகத்தில் ஒரு பயிற்சியை முழுதாகப் போட, கோடிட்ட இடம், சரியா தவறா, கொள்குறி வகை எல்லாம் கடந்து கடைசிக் கணக்குக்கு வர, சுமாரான பிள்ளைக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். ஆக, முதல் வழி கடிகாரத்திடமே தோற்றுவிடுகிறது. அந்தத் தோல்வியைத்தான் படிக்கட்டில் பார்க்கிறோம்.

இருந்தாலும் பெற்றோருக்கு மிகவும் பிடித்தது அந்த முதல் வழிதான். நோட்டு நிறைந்தால் படிப்பு நடக்கிறது என்று ஒரு நிம்மதி. "சார், நீங்க ஒண்ணுமே எழுதத் தர்றதில்லையாமே?" என்று கேட்க வந்த அப்பாக்களின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கணக்குக்குக் கைப்பழக்கம் வேண்டும் என்பது பொய்யும் இல்லை. வாய்ப்பாடும் பின்னக் கூட்டலும் போட்டுப் போட்டுத்தான் வரும்.

எந்தக் கணக்கைப் போட்டுப் பழகுகிறார்கள் என்பதில்தான் சிக்கல். ஏழாம் வகுப்பில் முழுக்கள் நடத்திய மறுநாள் நோட்டைத் திறந்தால் −3 − 5 = 8 என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். 'மைனஸ் மைனஸ் பிளஸ்' என்று பெருக்கலுக்குச் சொன்னதைப் பிள்ளை கழித்தலுக்கும் எடுத்துக்கொண்டது. இந்தப் புரிதலோடு இரவு பத்துக் கணக்கு போட்டால் தவறு பத்து முறை அழுத்தமாகப் பதியும். 2x + 3 = 5x என்பதும், 3.12 தான் 3.5-ஐ விடப் பெரியது என்பதும் இப்படி ஊறிப்போனவைதான். எட்டாம் வகுப்பில் அதை எடுக்கப் படும் பாடு எட்டாம் வகுப்பு ஆசிரியருக்குத்தான் தெரியும்.

திருத்தும் கணக்கையும் போட்டுவிடுகிறேன். கல்வி உரிமைச் சட்டம் இந்த வகுப்புகளுக்கு 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. நோட்டுக்கு ஒரு நிமிடம் என்றாலே ஒரு வகுப்புக்கு 35 நிமிடம். நான்கு வகுப்புக்கு இரண்டு மணி இருபது நிமிடம். ஒரு நிமிடத்தில் பத்துக் கணக்கை யாரும் படிக்க முடியாது. எனவே டிக். பையன் யோசிக்காமல் எழுதுகிறான், நானும் படிக்காமல் டிக் போடுகிறேன். இருவருக்கும் இடையில் நல்ல உடன்பாடு.

மூன்றாவது வழி, வீட்டுப்பாடமே இல்லை என்பது, கேட்க இனிமையாக இருக்கும். அதற்கு வலுவான நியாயமும் உண்டு. மாலையில் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கும், டியூஷனில் அதே கணக்கை இன்னொரு முறை போடும் பையனுக்கும் வீட்டுப்பாடம் ஒரே எடை அல்ல. வகுப்பில் போட வைத்தால் எல்லோருக்கும் ஒரே கரும்பலகை, ஒரே ஆசிரியர். 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலை வகுப்பு எடுத்தபோது, வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்ற குறைக்கு ஓரளவு மருந்து கிடைத்தது. ஆனால் எல்லாத் தெருவிலும் எல்லா நாளும் அதை நம்பி இருக்க முடியாது.

ஒரு பருவம் முழுக்க வீட்டுப்பாடம் தராமல் நடத்திப் பார்த்தேன். பாடவேளை 40 நிமிடம். வருகைப் பதிவு, நேற்றைய நினைவூட்டல், புதிய கருத்து, இரண்டு எடுத்துக்காட்டு என்று போனால் மீதி பத்து நிமிடம். வேகமானவன் முடித்துவிட்டுப் பக்கத்து ஆளைச் சீண்டுவான், மெதுவானவள் இரண்டாவது கணக்கில் நிற்பாள், மணி அடிக்கும். திங்கட்கிழமை வந்தால் வெள்ளிக்கிழமை நடத்தியது பாதிப் பேருக்கு மறந்திருந்தது. இடையில் ஒருமுறையாவது தனியாக உட்கார்ந்து யோசிக்காவிட்டால் நிற்காது என்பதை அந்தப் பருவம் எனக்குக் கற்றுக்கொடுத்தது. பாடப்பகுதியும் முடியவில்லை. அதற்கு நான் வாங்கிய பேச்சு தனிக்கதை.

மிச்சம் இருப்பது நடுவழி. இப்போது நான் நான்கு கணக்கு தருகிறேன். இரண்டு இன்று நடத்தியவை. ஒன்று போன மாதத்தது. ஒன்று புத்தகத்தில் சற்றுக் கடினமானவை வரும் 'மேற்சிந்தனைக் கணக்குகள்' பகுதியிலிருந்து. அது வராவிட்டால் எங்கே முட்டியது என்று ஒரு வரி எழுதி வந்தால் போதும். விடைகளையும் முன்கூட்டியே கரும்பலகையில் எழுதிவிடுகிறேன். சக ஆசிரியர் ஒருவர் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் விடை புத்தகத்தின் கடைசியில் இருக்கிறது, கைடில் இருக்கிறது, கைப்பேசியில் படம் பிடித்தால் படிப்படியாகச் செய்துகாட்டும் செயலியும் இருக்கிறது. ஒளித்துவைத்து என்ன பயன்? விடை தெரிந்த பிள்ளை தன் தவறை இரவிலேயே கண்டுபிடிக்கிறது. −7 − (−4) என்பதற்கு −11 என்று வந்தவள், பலகையில் −3 இருந்ததால் திரும்பிப் போட்டுப் பார்த்தேன் என்று காலையில் சொன்னாள். பத்துக் கணக்குக் காலத்தில் அந்த −11-க்கும் டிக் விழுந்திருக்கும்.

இந்த வழி நிற்பதும் விழுவதும் மறுநாள் வகுப்பைப் பொறுத்தது. வீட்டுப்பாட நோட்டுக்கு நான் மதிப்பெண் தருவதில்லை. அதற்குப் பதில் நோட்டை மூடிவைத்துவிட்டு, அதே வகையில் எண் மாற்றி ஒரே ஒரு கணக்கு. அரைத்தாள், நான்கு நிமிடம். தாள்களை மூன்று கட்டாகப் பிரிக்கிறேன்: சரி, வழி சரி ஆனால் விடை தவறு, வழியே தவறு. 35 தாளுக்கு ஆறேழு நிமிடம்கூட ஆகாது. மூன்றாவது கட்டு பெரிதாக இருந்தால் தவறு என் பாடத்தில். 2012-13 முதல் தமிழகப் பள்ளிகளில் உள்ள வளரறி மதிப்பீட்டில், அதாவது பருவத்தின் இடையிலேயே ஆசிரியர் செய்யும் மதிப்பீட்டில், 40 மதிப்பெண். அதில் பாதி சிறு தேர்வுகளுக்கு என்பதால் இதைப் பதிவதற்குத் தனி ஏற்பாடும் தேவைப்படவில்லை. படிக்கட்டில் பார்த்து எழுதுவது முற்றாக நின்றுவிடவில்லை. லாபம் இல்லாததால் குறைந்திருக்கிறது.

இதற்கும் விலை உண்டு. வாரத்துக்கு ஐந்து பாடவேளை என்றால் தேர்வு, அலசல் என்று அரை மணி நேரத்துக்கு மேல் போகிறது. பள்ளி ஆய்வுக்கு யாராவது வந்தால் பக்கத்து வகுப்பின் தடித்த நோட்டுக்கு முன்னால் என் பிள்ளைகளின் நோட்டு ஏழையாகத் தெரிகிறது. அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

வகுப்பறையில் என்ன எதிர்பார்க்கிறோம் என்பதிலும் இரண்டு கட்சி. சுத்தமான நோட்டுக் கட்சி, அடித்தல் திருத்தல் கூடாது என்கிறது. நானும் நெடுநாள் அந்தக் கட்சிதான். அழகான எழுத்துக்கு 'நன்று' போட்டேன். பிள்ளைகள் தவறை ரப்பரால் அழித்து என்னிடமிருந்து மறைத்தார்கள். இப்போது கணக்கு நோட்டில் ரப்பருக்கு வேலை இல்லை. தவறான வரியை ஒரே கோட்டால் அடித்து, கீழே சரியானதை எழுத வேண்டும். வலது ஓரத்தில் கோடு கிழித்துச் செய்முறைக் கணக்கு. மற்றபடி பேசக் கூடாது என்ற விதியைத் தளர்த்திவிட்டேன். கணக்கைப் பற்றிப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கலாம், விடையை மட்டும் சொல்லக் கூடாது, "எப்படி வந்தது?" என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். சத்தம் கூடித்தான் போகிறது.

செய்முறை வடிவியலில் மட்டும் நான் பழைய பத்துக் கணக்கு வழிக்கே திரும்பிவிடுவேன். கோண இருசமவெட்டி வரைவதைக் கரும்பலகையில் எத்தனை முறை பார்த்தாலும் கவராயம் கையில் நிற்காது. காகிதத்தில் ஓட்டை விழும், பென்சில் நழுவும், வில்கள் சந்திக்காது. அதற்கு வீட்டில் பத்துப் படம் வரையத்தான் வேண்டும், டியூஷன் அண்ணன் வரைந்து தரக் கூடாது. ஜாமெட்ரி பாக்ஸைத் தொலைத்தவர்களுக்காக என் மேசை இழுப்பறையில் ஆறு கவராயம் வைத்திருக்கிறேன். வாரக் கடைசியில் நாலுதான் திரும்பி வருகிறது.