காரில் மீட்டர் லைட் எரியவில்லை என்றால் மீட்டரையே மாற்றச் சொல்வார்கள், உஷார்

அப்பா வைத்திருப்பது 2001 மாடல் மாருதி 800. இரவில் டேஷ்போர்டு மீட்டரில் வெளிச்சம் வரவில்லை என்று தாம்பரம் பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையில் காரை விட்டிருக்கிறார். "மீட்டர் போர்டு போயிடுச்சு சார், முழு செட்டா மாத்தினாத்தான் எரியும்" என்று சொல்லி, பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையிலிருந்து எடுத்து வந்ததாக ஒரு பழைய மீட்டரை மாட்டி, 4,800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். பில் கிடையாது. லைட் எரிந்ததால் அப்பாவும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது நான் அந்த வண்டியை எடுத்தேன். இரவு ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூர் தாண்டியதும் பிளாஸ்டிக் கருகுகிற வாடை. ஓரங்கட்டி, எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு, டேஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தேன். ஃபியூஸ் பெட்டி மூடியில் டெயில் லைட்டுக்கு 15 என்று போட்டிருக்கிறது. அந்த இடத்தில் செருகியிருந்தது பச்சை ஃபியூஸ். 15 ஆம்பியர் என்றால் நீலம், பச்சை என்றால் 30. அதிலிருந்து போகும் ஒயரின் தோல் இளகி, பக்கத்து ஒயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் அம்மா உட்கார்ந்திருந்தார். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

மறுநாள் தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் மீட்டரைத் தொடவே இல்லை. நேராகப் பின்னால் போய் டிக்கியைத் திறந்தார். நம்பர் பிளேட் விளக்குக்குப் போகும் ஒயர், தகரத்தின் துருப்பிடித்த ஓரத்தில் உரசி உரசித் தோல் உரிந்து, உள்ளே செம்பு தெரிந்தது. அதுதான் மொத்தப் பிரச்சினையும். பழைய கார்கள் பலவற்றில் பார்க்கிங் லைட், டெயில் லைட், நம்பர் பிளேட் விளக்கு, மீட்டர் வெளிச்சம் எல்லாம் ஒரே ஃபியூஸில்தான் ஓடும். பின்னால் ஒயர் தகரத்தில் பட்டு ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போய், முன்னால் மீட்டர் இருண்டுவிடும். அந்தக் கடைக்காரர் 30 ஆம்பியரைச் செருகியதும் லைட் எரிந்திருக்கிறது, மீட்டர் மாற்றியதால் அல்ல. ஒயர் முழுதாகத் தகரத்தில் முட்டியிருந்தால் அந்த ஃபியூஸும் உடனே போயிருக்கும். அரைகுறையாக உரசியதால் ஃபியூஸ் தாங்கியது, ஒயர் சூடேறியது. அண்ணன் கருகிய ஒயரை மாற்றி, உரசும் இடத்தில் ரப்பர் வளையம் போட்டு, நீல ஃபியூஸ் செருகி வாங்கியது 450 ரூபாய்.

அப்புறம்தான் இன்னொன்று கண்ணில் பட்டது. அப்பாவின் வண்டி 1,12,000 கிலோமீட்டர் தாண்டி ஓடியது. இப்போது மாட்டியிருக்கும் மீட்டர் காட்டுவது 64 ஆயிரத்துச் சொச்சம். நாளை விற்கப் போனால், பழைய சர்வீஸ் பில்லைப் பார்க்கிறவர் நாம்தான் கிலோமீட்டரைக் குறைத்துவிட்டோம் என்று நினைப்பார். கழற்றிய எங்கள் மீட்டரைக் கேட்டதற்கு "தூக்கிப் போட்டாச்சு" என்கிறார்கள். நல்ல மீட்டரை யார் தூக்கிப் போடுவார்கள்?

உங்கள் வண்டியில் இதே தொல்லை என்றால், கடைக்குப் போகும் முன் இதைப் பாருங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். பேட்டரி, ஆயில் விளக்குகள் சிவப்பாக எரிந்தால் மீட்டருக்கு உயிர் இருக்கிறது. அடுத்து பார்க்கிங் லைட்டைப் போட்டுவிட்டு, இறங்கிப் பின்னால் போய்ப் பாருங்கள். டெயில் லைட்டும் எரியவில்லை என்றால் ஃபியூஸ், அல்லது அந்த லைனில் எங்கோ ஷார்ட். புது ஃபியூஸ் போட்டதும் அதுவும் போனால் ஷார்ட்தான், அதைத் தேடித்தான் ஆக வேண்டும். டெயில் லைட் எரிந்து மீட்டர் மட்டும் இருட்டாக இருந்தால், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கிற வண்டியில் முதலில் அதைத் திருகிப் பாருங்கள். யாராவது துடைக்கும்போது கை பட்டு முழுக்கக் குறைந்திருக்கும். அதுவும் சரி என்றால் மீட்டருக்குப் பின்னால் இருக்கும் சின்ன கண்ணாடி பல்புகள், கனெக்டர், எர்த் ஒயர் இவற்றைப் பாருங்கள். எல்.இ.டி. பல்பு போட்டிருந்தால் கழற்றித் திருப்பிப் போட்டுப் பாருங்கள், தலைகீழாக இருந்தால் எரியாது.

உண்மையிலேயே மீட்டர் மாற்ற வேண்டி வந்தால், பழைய ரீடிங், புது ரீடிங் இரண்டையும் பில்லில் எழுதி வாங்குங்கள். பழைய மீட்டரையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

பணத்தைத் திருப்பித் தரச் சொன்னால் கடைக்காரர் பேச்சை மாற்றுகிறார். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். ஜிபே ரசீது, கருகிய ஒயர், அந்தப் பச்சை ஃபியூஸ் மூன்றும் பத்திரமாக இருக்கின்றன. நீங்களும் சமீபத்தில் எங்காவது எலக்ட்ரிக்கல் வேலை பார்த்திருந்தால், இன்றைக்கே ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, மூடியில் உள்ள எண்ணும் செருகியிருக்கும் ஃபியூஸின் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள்.