வண்ணத்துப்பூச்சிக்கு எந்த லென்ஸ்: சாண் தூரமா, நாலடி தூரமா?

பூச்சி என்றால் மேக்ரோதான், அதாவது மிக நெருங்கிப் போய்ச் சிறியதைப் பெரிதாக எடுக்கும் லென்ஸ்தான் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். நம்பி 60 மி.மீ. மேக்ரோ ஒன்றை வாங்கிக்கொண்டு நீலகிரி அடிவாரத்துக் கல்லாற்றுக்குப் போனேன். அன்று எனக்குக் கிடைத்தவை, வண்ணத்துப்பூச்சிகள் சற்றுமுன் எழுந்து போன ஈர மணலின் மிகத் துல்லியமான படங்கள்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. லென்ஸ் விவரத்தில் போட்டிருக்கும் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரிலிருந்து அளக்கப்படுவது. 100 மி.மீ. மேக்ரோவுக்கு அது சுமார் 30 செ.மீ. அதில் கேமராவும் லென்ஸும் விழுங்கியது போக, பூச்சிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சாண்கூட மிஞ்சாது. 60 மி.மீ. என்றால் அதுவும் சுருங்கும். வெயில் ஏறியபின் மணலில் உப்புச்சத்து உறிஞ்சும் கூட்டம், நம் நிழல் பட்டாலே கலைந்துவிடும்.

தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ் இங்கே எளிதாக வெல்கிறது. சாதாரண 70-300 மி.மீ. லென்ஸ்கூட நாலைந்து அடி தள்ளி நின்று, பூச்சியைச் சென்சாரில் அதன் நிஜ அளவில் ஏறத்தாழ கால் பங்காகப் பதிக்கும். பழைய ஃபிலிம் அளவிலான ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ.; கால் அளவில் 144 மி.மீ. அகலமான காட்சி அடங்கும். 2019-இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் அதில் பாதியை நிறைத்து உட்காரும். சதர்ன் பேர்ட்விங் சிறகை விரித்தால் அதுவே போதாது, நாம் பின்வாங்க வேண்டியிருக்கும். பூச்சியை நிஜ அளவிலேயே சென்சாரில் பதிக்கும் மேக்ரோவின் முழு உருப்பெருக்கத்துக்கு இவற்றிடம் வேலையே இல்லை.

ஆனால் கிராஸ் ஜுவலிடம் டெலி தோற்றுப்போகும். மூடிய சிறகு ஒரு செ.மீ. அளவே உள்ள பூச்சி அது. கால் அளவில் சென்சாரில் இரண்டரை மி.மீ.தான் வரும். வெட்டிப் பெரிதாக்கினால் செதில்கள் எல்லாம் கூழ். இது சேர்ந்த நீலன் வகை வண்ணத்துப்பூச்சிகள் பலவற்றின் பின்சிறகு ஓரத்தில் பொய்த்தலை இருக்கும்: கண் போன்ற புள்ளி, உணர்கொம்பு போன்ற வால். அந்த ஏமாற்று வித்தையைக் காட்ட மேக்ரோ வேண்டும்.

அதற்கு இடத்தைவிட நேரம்தான் முக்கியம். கோத்தகிரிப் பக்கம் குளிர்ந்த விடியலில், சிறகில் பனித்துளியோடு புல்லில் தொங்கும் பூச்சியால் உடல் சூடேறும் வரை பறக்க முடியாது. அந்த அரைமணி நேரம் மேக்ரோவின் ராஜ்ஜியம். முக்காலி வைத்து, சென்சாரைச் சிறகுக்கு இணையாகப் பிடியுங்கள். முழு உருப்பெருக்கத்தில் லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப்/8 வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் சுமார் ஒரு மி.மீ. மட்டுமே. கால் அளவில் எடுக்கும் டெலியில் அதே எஃப்/8 ஒரு செ.மீ. வரை தாராளம் காட்டும். தவிர, அந்த நெருக்கத்தில் மேக்ரோ இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும், அதாவது முக்கால் பங்கைத் தின்றுவிடும். சோலைக்காட்டு நிழலுக்குள் ஃப்ளாஷ் இல்லாமல் ஒப்பேற்றுவது கடினம்.

ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் டெலி வாங்குங்கள். கூடவே 2 டயாப்டர் பவருள்ள குளோஸ்-அப் லென்ஸ் ஒன்றை முன்னால் திருகிக்கொண்டால், 300 மி.மீ.யில் அரை மீட்டர் தள்ளி நின்றே 0.6 மடங்கு உருப்பெருக்கம் கிடைக்கும். தூரக்காட்சி மட்டும் மங்கும், கழற்றினால் சரியாகிவிடும். மேக்ரோதான் என்று பிடிவாதமாக இருந்தால் 100 மி.மீ.க்குக் கீழே இறங்காதீர்கள்.

என் 60 மி.மீ.யை இப்போது மழைக்காலத்தில் சோலை அட்டைகளைப் படமெடுக்க வைத்திருக்கிறேன். அவற்றிடம் தூரப் பிரச்சினையே இல்லை, தாமாகவே நெருங்கி வருகின்றன.