பிஜிஆடிட்டோடு மூன்று வருடம்: எக்ஸ்டென்ஷன் போடும்போதுதான் படுத்துகிறது

போஸ்ட்கிரஸ் 15 டேட்டாபேஸில் பிஜிஆடிட் (யார் என்ன கட்டளை ஓட்டினார் என்று லாகில் எழுதி வைப்பது) போட்டு மூன்று வருடம் ஆகிறது. எந்த டேபிளை யார் மாற்றினார் என்று ஆடிட்டர் கேட்டால் ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவேன். அந்த வகையில் குறை ஒன்றுமில்லை. படுத்தியதெல்லாம் எக்ஸ்டென்ஷன் (டேட்டாபேஸோடு சேர்க்கும் கூடுதல் வசதி) இன்ஸ்டாலில்தான்.

எங்கள் டெஸ்ட் சர்வரில் தினமும் ராத்திரி ஆறு டேட்டாபேஸை அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம். ஆறிலும் போஸ்ட்ஜிஐஎஸ் என்ற வரைபட எக்ஸ்டென்ஷன் உண்டு. ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் டிஸ்க் ஃபுல், சர்வர் படுத்துக் கிடக்கிறது. லாக்கையும் டேட்டாவையும் ஒரே பார்ட்டிஷனில் வைத்தது எங்கள் தப்பு. 10 எம்பி ஆனதும் லாக் ஃபைலை மாற்றும் ரொட்டேஷன் வைத்திருந்தோமே என்றால், அது புது ஃபைலைத் திறக்குமே தவிர பழையதை அழிக்காது.

லாக்கைத் திறந்தேன். 'கிரியேட் ஃபங்ஷன்' என்று ஒரு ஆடிட் வரி, அதன் வாலில் போஸ்ட்ஜிஐஎஸ்ஸின் முழு இன்ஸ்டால் ஸ்கிரிப்ட். அடுத்த ஃபங்ஷன், மறுபடி அதே முழு ஸ்கிரிப்ட். உள்ளே இருக்கும் ஒவ்வொரு கட்டளையை ஓட்டும்போதும் மூல வாசகம் என்று போஸ்ட்கிரஸ் நீட்டுவது மொத்த ஸ்கிரிப்டையும்தான். பிஜிஆடிட் அதை அப்படியே எழுதி வைக்கிறது. ஸ்கிரிப்ட் 300 கேபி, உள்ளே ஆயிரம் கட்டளை என்று வைத்தால்கூட ஒரு இன்ஸ்டாலுக்கு 300 எம்பி.

முதலில் பிஜிஆடிட்டின் 'லாக் ஸ்டேட்மென்ட் ஒன்ஸ்' (ஒரு கட்டளையின் வாசகத்தை முதல் தடவை மட்டும் எழுதும் செட்டிங்) ஆன் செய்து பார்த்தேன். பிரயோஜனமில்லை. ஒவ்வொரு உள்கட்டளைக்கும் தனி எண் விழுவதால் எல்லாமே அதற்கு 'முதல் தடவை'தான். பிஜிஆடிட்டின் 'லாக் ஸ்டேட்மென்ட்'டையே ஆஃப் செய்தால் வாசகம் போய்விடும், ஆனால் ஆயிரம் வரி அப்படியே நிற்கும். ஜிஜிப் என்ற சுருக்கும் கருவி போட்டால் சுருங்கும் என்று நம்பியதும் வீண்: அது பின்னால் திரும்பிப் பார்ப்பது 32 கேபிதான், எங்கள் நகல்களோ அதைவிட வெகுதூரம் தள்ளித் தள்ளிக் கிடந்தன. இன்னும் தூரம் திரும்பிப் பார்க்கும் இசட்ஸ்டாண்டர்டு இதில் தேவலை.

இப்போது செய்வது இதுதான். ஒரு டிரான்ஸாக்‌ஷன் திறந்து, 'செட் லோக்கல்' (கமிட் வரை மட்டும் நிற்கும் மாற்றம்) போட்டு பிஜிஆடிட் லாகை 'நன்' (எதையும் எழுதாதே) ஆக்கி, போஸ்ட்கிரஸின் சொந்த 'லாக் ஸ்டேட்மென்ட்'டை 'டிடிஎல்' (உருவாக்கும், மாற்றும், அழிக்கும் கட்டளைகள் மட்டும்) ஆக்கி, எக்ஸ்டென்ஷனைப் போட்டுவிட்டு கமிட். போஸ்ட்கிரஸின் லாக் வெளியிலிருந்து வரும் கட்டளையை மட்டும் எழுதும் என்பதால், இன்ஸ்டாலுக்கு ஒரே ஒரு வரி. ஆடிட்டருக்கு அது போதும். 'லோக்கல்' என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். ஒருமுறை வெறும் 'செட்' போட்டுவிட்டு, அதே செஷனில் அரைநாள் ஆடிட்டே இல்லாமல் வேலை பார்த்திருக்கிறேன்.

எக்ஸ்டென்ஷன் அப்டேட்டுக்கும் இதே கதைதான்.

இந்த இரண்டு செட்டிங்கையும் மாற்ற சூப்பர்யூசர் (எல்லா உரிமையும் உள்ள கணக்கு) வேண்டும். போஸ்ட்கிரஸ் 15-லிருந்து அந்த செட்டிங்குகளுக்கு மட்டும் வேறு ரோலுக்கு (டேட்டாபேஸ் கணக்குக்கு) உரிமை கொடுக்கலாம். ஆடிட்டை அணைக்கும் சாவியை டெப்லாய்மென்ட் ரோலிடம் தருவதா என்று எங்கள் செக்யூரிட்டிக்காரர்கள் முறைத்தார்கள், அதுவும் நியாயம்தான். புரொடக்‌ஷனில் இன்னும் நானேதான் கையால் போடுகிறேன்.